வீடு கட்டும்போது பாத்ரூம் சாமான்களை உயர்ந்த ரகத்துக்கு மாற்றினால் செலவு எவ்வளவு கூடும்? கணக்கும் வரிசையும்

சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி வீடு கட்டக் கொடுப்பவர்கள் கம்பி, சிமென்ட், மணல் பற்றித் துருவித் துருவிக் கேட்கிறார்கள். பாத்ரூமை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். டைல்ஸ் ஒட்டும் வாரத்தில் கடைக்குப் போனதும் மனம் மாறுகிறது. அங்கேதான் பட்ஜெட் உடைகிறது.

வடசென்னையில் பெரம்பூர், கொடுங்கையூர், மாதவரம், திருவொற்றியூர் பக்கம் அரை கிரவுண்ட், கால் கிரவுண்ட் மனைகளில் எழும் வீடுகளை மேற்பார்வை பார்ப்பது என் வேலை. நான் கவனித்த வரையில், கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் நல்ல பங்கு சாமானுக்குப் போவதில்லை. தாமதமாக முடிவெடுத்ததற்காக உடைத்துக் கட்டும் வேலைக்குப் போகிறது. அதனால் கீழே உள்ளவற்றை அதே வரிசையில் செய்யுங்கள்.

தொடங்கும் முன் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: ஒப்பந்தத்தின் நகல், பாத்ரூமின் உள் அளவும் சுவர்களின் கனமும் குறித்த வரைபடம், மொட்டை மாடித் தொட்டி எவ்வளவு உயரத்தில் வரப்போகிறது என்ற விவரம், அளவு டேப், தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் ஒரு டி.டி.எஸ். மீட்டர். இவை இல்லாமல் கடைக்குப் போவது வீண்.

1. ஒப்பந்தத்தில் இருக்கும் தொகை எந்த விலையில் என்று கேளுங்கள்

‘பாத்ரூம் ஒன்றுக்கு 20,000 ரூபாய் வரை சாமான்கள்’ என்று எழுதியிருப்பார்கள். அது எம்.ஆர்.பி. விலையா, தள்ளுபடி போன நிகர விலையா என்பதே முதல் கேள்வி. குழாய்ச் சாமான்களை எம்.ஆர்.பி.க்கு யாரும் வாங்குவதில்லை. ஒப்பந்தத் தொகை எம்.ஆர்.பி.யில் இருந்தால் உங்களுக்குக் கிடைக்கும் சாமான் நீங்கள் நினைத்ததைவிட மலிவானது என்று பொருள்.

அடுத்து, அந்தத் தொகைக்குள் எவை அடங்கும்? கிளாசெட், வாஷ் பேசின், ஷவர் என்று பெரியவற்றை மட்டும் எண்ணிவிட்டு, ஆங்கிள் காக் (ஒவ்வொரு சாமானுக்கும் தண்ணீரைத் தனியாக அடைக்கச் சுவரில் வரும் சிறு வால்வு), கனெக்‌ஷன் பைப், வேஸ்ட் கப்ளிங் (பேசினின் கழிவுத்துளையில் பொருத்துவது), பாட்டில் டிராப் (பேசினுக்குக் கீழே நாற்றத்தைத் தடுக்கும் குப்பி), தரை ஜாலி ஆகியவற்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொன்றும் சில நூறு ரூபாய்தான். இரண்டு பாத்ரூமுக்குச் சேர்த்துப் பார்த்தால் தொகை கண்ணில் படும்.

கம்பெனிப் பெயரை மட்டும் எழுதியிருந்தால் போதாது. ஒரே கம்பெனியில் எளிய வரிசையும் உண்டு, அதைப்போல் பல மடங்கு விலையுள்ள வரிசையும் உண்டு. வரிசையின் பெயரும் மாதிரி எண்ணும் வேண்டும். ‘அல்லது அதற்குச் சமமானது’ என்ற சொற்கள் இருந்தால், சமமானது என்று தீர்மானிப்பவர் யார் என்பதையும் அங்கேயே எழுதச் சொல்லுங்கள்.

2. சாமானுக்கு முன் தண்ணீரைச் சோதியுங்கள்

வடசென்னையில் இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது. மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் நிலத்தடியில் உட்புகுந்திருப்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். திருவொற்றியூர், எண்ணூர் கடலோரத்தில் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர் உப்புக் கரிப்பதும் புதிதல்ல. தெருவுக்குத் தெரு, ஆழத்துக்கு ஆழம் தண்ணீர் மாறும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று விட்டுவிடாதீர்கள்.

டி.டி.எஸ். மீட்டரால் போர் தண்ணீரையும் குடிநீர் வாரியம் தரும் மெட்ரோ தண்ணீரையும் தனித்தனியாக அளந்துகொள்ளுங்கள். கடினத்தன்மையை ஒரு பரிசோதனைக் கூடத்தில் பார்த்துவிடலாம். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 10500 டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு ஆதாரம் இல்லாவிட்டால் 2,000 வரை அனுமதிக்கிறது. கடினத்தன்மைக்கு இந்த இரண்டு எல்லைகளும் 200, 600. பாத்ரூம் தண்ணீரைக் குடிக்கப்போவதில்லை என்றாலும் ஒப்பிட்டுப் பார்க்க இந்த எண்கள் உதவும்.

கடினத்தன்மை கூடினால் ஷவர்த் துளைகளும் குழாய் நுனியில் உள்ள வலையும் சுண்ணாம்புப் படிவில் அடைபடும். கீசரின் சூடேற்றும் கம்பியில் படிவு ஏறும். ஒற்றைக் கைப்பிடிக் குழாய்க்குள் தண்ணீரைத் திறந்து மூடும் கார்ட்ரிட்ஜ் இறுகும். உப்பு கூடினால் 304 ரக ஸ்டெயின்லெஸ் எஃகிலும் துருப் புள்ளி வரும். மென்னீராக்கும் கருவி கடினத்தன்மையைக் குறைக்கும், உப்பைக் குறைக்காது. இரண்டையும் ஒன்றாக நினைத்து கருவிக்குப் பணம் கொட்டியவர்கள் இருக்கிறார்கள்.

மங்கிய கறுப்பு நிறக் குழாய்கள் இப்போது எல்லோருக்கும் பிடிக்கின்றன. போர் தண்ணீர் ஓடும் வீட்டில் அந்தக் குழாயின் அடியைப் பாருங்கள்: தண்ணீர் சொட்டி நிற்கும் இடத்தில் வெள்ளை வளையம் விழுந்திருக்கும். துடைத்தால் போகாது. சுரண்டினால் வண்ணமும் சேர்ந்து வரும். குரோம் பூச்சில் அதே படிவு இருந்தாலும் கண்ணை உறுத்தாது. நிறம் வேண்டும் என்று தீர்மானித்துவிட்டால் வெறும் பெயின்ட் பூச்சு வேண்டாம், பி.வி.டி. (வெற்றிடத்தில் ஆவியாகப் படியவைக்கும்) பூச்சுள்ளதைக் கேட்டு வாங்குங்கள். கூடவே, பாத்ரூமில் ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கத்தை நிறுத்த முடியுமா என்று வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். ஆசிட் புகை எந்த விலையுயர்ந்த பூச்சையும் விட்டுவைக்காது.

இந்தப் படியிலேயே இன்னொரு முடிவும் எடுக்க வேண்டும். ஷவருக்கும் பேசினுக்கும் மெட்ரோ தண்ணீர், கிளாசெட் ஃபிளஷுக்கு போர் தண்ணீர் என்று இரண்டு தொட்டி, இரண்டு குழாய்ப் பாதை போட முடியுமா? கூடுதல் குழாய்க்கும் தொட்டிக்கும் செலவாகும். ஆனால் விலையுயர்ந்த ஷவரைக் காப்பாற்றுவது இதுதான். சுவர்ப் பூச்சுக்குப் பிறகு இதைச் செய்ய நினைத்தால் சுவரை வெட்ட வேண்டும்.

3. அழுத்தத்தைக் கணக்கிடுங்கள்

பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு ‘பார்’ (அழுத்தத்தின் அலகு) அழுத்தம் தரும். தரைத்தளமும் முதல் தளமும் உள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். மொட்டை மாடி 20 அடியில், தொட்டியின் அடிப்பாகம் அதற்கு மேல் 5 அடியில். முதல் தள ஷவர் 17 அடியில் இருக்கும். இடையே 8 அடி, அதாவது சுமார் 2.4 மீட்டர், கால் பாருக்கும் குறைவு. கீழ்த்தள ஷவருக்கு 18 அடி வித்தியாசம் கிடைக்கும். அதுவும் அரை பாரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான்.

அகலமான மழை ஷவருக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று கம்பெனி விவரத்தாளில் இருக்கும். அதைப் பார்க்காமல் வாங்கினால் தலைக்கு மேல் நூல் நூலாகச் சொட்டும். தொட்டியின் மேடையை உயர்த்துவது ஒரு வழி. பிரஷர் பம்ப் மற்றொரு வழி. அதற்கு மாடியில் மின்இணைப்பு, தனிக் குழாய்ப் பாதை, மின்சாரம் போனால் தண்ணீர் தானாக இறங்க ஒரு மாற்றுவழி, எல்லாம் சேர்ந்து வரும். ஷவரின் விலையோடு இவற்றையும் கூட்டித்தான் ‘இந்த ஷவர் எவ்வளவு’ என்று பார்க்க வேண்டும்.

4. சுவருக்குள் போவது, சுவருக்கு வெளியே நிற்பது: இரண்டு பட்டியல்

ஒரு தாளை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் சுவருக்குள்ளோ தரைக்குள்ளோ புதைபவை: டைவர்ட்டரின் (சூடும் குளிரும் கலந்த தண்ணீரை ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பும் வால்வு) உள்பாகம், மறைவு ஃபிளஷ் தொட்டி, கிளாசெட்டின் கழிவுக் குழாய் இடம், கீசர் இணைப்புகள், மின்கம்பிகள். வலப்பக்கம் எப்போது வேண்டுமானாலும் கழற்றி மாட்டக்கூடியவை: பேசின் குழாய், ஷவர்த் தலை, ஹெல்த் ஃபாசட் (கிளாசெட் பக்கத்தில் கழுவ வைக்கும் கைத்தெளிப்பான்), டவல் கம்பி, கண்ணாடி.

பணம் குறைவாக இருந்தால் இடப்பக்கத்துக்குச் செலவிடுங்கள். வலப்பக்கத்தை ஐந்து வருடம் கழித்துக்கூட அரை நாளில் மாற்றலாம். நம்மவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள்: விருந்தாளி கண்ணில் படும் பேசின் குழாய்க்குச் செலவழித்துவிட்டு, சுவருக்குள் போகும் டைவர்ட்டரில் மிச்சம் பிடிக்கிறார்கள்.

*டைவர்ட்டர்.* உள்பாகமும் வெளியே தெரியும் தட்டும் கைப்பிடியும் பல கம்பெனிகளில் தனித்தனி விலை. எஸ்டிமேட்டில் ஒன்றை மட்டும் போட்டிருப்பார்கள். உள்பாகத்தின் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி வரும். அதில் குறைந்த ஆழம், அதிக ஆழம் என்று இரண்டு கோடுகள் இருக்கும். ஒட்டிய பிறகு டைல்ஸின் முகம் இந்த இரண்டு கோடுகளுக்கு இடையே நிற்க வேண்டும். செங்கல் முகத்திலிருந்து டைல்ஸ் முகம் வரை, சிமென்ட் கலவையில் ஒட்டினால் ஒன்றரை அங்குலம் வரை வந்துவிடும். பசையில் ஒட்டினால் குறையும். எதில் ஒட்டப்போகிறார்கள் என்று தெரியாமல் பிளம்பர் பொருத்தினால், ஒன்று தட்டு சுவரில் படியாது, அல்லது கைப்பிடி எட்டாது. நீட்டிப்புத் துண்டு கிடைத்தால் தப்பித்தோம். கிடைக்காவிட்டால் புது டைல்ஸை உடைக்க வேண்டியதுதான்.

*சுவரில் தொங்கும் கிளாசெட்.* இடம் மிச்சமாகும் என்று நினைத்து இதைக் கேட்பவர்கள் அதிகம். நாலரை அங்குலச் சுவருக்குள் மறைவு ஃபிளஷ் தொட்டி அடங்காது. இரும்புச் சட்டத்தைத் தரையில் பூட்டி, முன்னால் இன்னொரு சுவர் எழுப்ப வேண்டும். அந்தச் சுவர் ஆறேழு அங்குலத்தை விழுங்கிவிடும். நான்குக்கு ஏழு அடி பாத்ரூமில் டேப் பிடித்துப் பார்த்தால், தொட்டியோடு தரையில் நிற்கும் சாதாரண கிளாசெட்டும் இதுவும் ஏறக்குறைய ஒரே அளவுதான் முன்னால் வரும். கீழே துடைக்க எளிது என்பது உண்மையான நன்மை; அதற்காக வாங்குங்கள். இடத்துக்காக வாங்காதீர்கள்.

*தரையில் நிற்கும் கிளாசெட்.* எஸ் டிராப் என்றால் கழிவு தரை வழியாக இறங்கும், பி டிராப் என்றால் சுவர் வழியாகப் போகும். எஸ் டிராப்பில் சுவரிலிருந்து குழாயின் மையம் வரை உள்ள தூரம் மாதிரிக்கு மாதிரி மாறும். 9 அங்குலமும் 12 அங்குலமும் அதிகம் காணப்படுபவை. அந்தத் தூரம் டைல்ஸ் முகத்திலிருந்து எடுக்க வேண்டியது. செங்கல் முகத்திலிருந்து எடுத்துவிட்டால், கிளாசெட் சுவரில் இடிக்கும்.

*சுடுதண்ணீரும் மின்சாரமும்.* சுடுநீரும் குளிர்நீரும் கலந்து தரும் வால் மிக்ஸருக்கு இரண்டு குழாய் முனைகளும் ரசமட்டத்தில், மையத்துக்கு மையம் 6 அங்குலத்தில் நிற்க வேண்டும். இடது சூடு, வலது குளிர். கீசருக்குத் தனி மின்பாதையும் 16 ஆம்பியர் இணைப்பும் தேவை. இது எலக்ட்ரீஷியன் கணக்கில் ஏறும் செலவு. பிளம்பர் எஸ்டிமேட்டில் தேடினால் கிடைக்காது.

தாழ்வான தெருவில் கீழ்த்தள பாத்ரூம் இருந்தால், இடப்பக்கப் பட்டியலில் இன்னொன்றையும் சேர்த்துவிடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் பல வீடுகளில் தண்ணீர் வாசல் வழியாக வருமுன்பே கழிப்பறை வழியாக மேலேறியது. தெருச் சாக்கடையில் சேரும் முன் கடைசி சேம்பரில் (கழிவுத் தொட்டி அறை) கழிவு திரும்பி வராமல் தடுக்கும் வால்வு ஒன்றைப் பொருத்தலாம். சேம்பர் கட்டும்போது செய்தால் சிறு செலவு. மழை ஷவரா, இந்த வால்வா என்று கேட்டால் நான் தயங்காமல் வால்வு என்பேன்.

5. இப்போது கடைக்குப் போங்கள்

பாரிமுனையில் செம்புதாஸ் தெருவிலும் சுற்றுத் தெருக்களிலும் சானிட்டரி கடைகள் நிறைய. ஒரே பட்டியலை இரண்டு மூன்று கடைகளில் கொடுத்து, தள்ளுபடி போன, வரி சேர்ந்த விலையை வரிவரியாக எழுதி வாங்குங்கள். ‘மொத்தமாக இவ்வளவு’ என்றால் ஒப்பிட முடியாது.

குழாயைக் கையில் எடுத்துப் பாருங்கள். பித்தளை உடம்பு கனக்கும், ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் கனக்காது. கார்ட்ரிட்ஜ் உதிரியாக இங்கேயே கிடைக்குமா என்று கேளுங்கள். நம் தண்ணீருக்கு அது ஒருநாள் தேவைப்படும். பேசினில் மேலே வழிவுத்துளை இருந்தால் பாதி மரை வேஸ்ட் கப்ளிங், இல்லாவிட்டால் முழு மரை. மாற்றி வாங்கினால் வழிவுத்துளையே பயன்படாமல் போகும். சிலசமயம் கீழே கசியும்.

உள்பாகங்களை மட்டும் இப்போது வாங்கிக்கொண்டு, வெளிச்சாமான்களை டைல்ஸ் முடிந்த பிறகு எடுப்பது நல்லது. கட்டடத்தில் கிடந்தால் கீறலும் விழும், காணாமலும் போகும். ஆனால் வெளிப்பாகத்தின் மாதிரி எண்ணை இன்றே முடிவு செய்து, கடைக்காரரிடம் பில்லில் குறித்து வாங்குங்கள். ஒரு கம்பெனியின் உள்பாகத்துக்கு வேறொரு கம்பெனியின் தட்டு பொருந்தாது.

6. வித்தியாசத் தொகையைக் கணக்கிடும் முறை

கீழே உள்ள எண்கள் கணக்கு எப்படி ஓடுகிறது என்று காட்டுவதற்காகவே எழுதியவை. விலைப்பட்டியலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒப்பந்தத்தில் ஒரு பாத்ரூமுக்கு நிகர விலையில் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் தேர்ந்தெடுத்தவை: தொங்கும் கிளாசெட் 14,000, மறைவுத் தொட்டி சட்டத்தோடு 12,000, டைவர்ட்டர் இரு பாகமும் ஸ்பவுட்டும் (கீழே தண்ணீர் விழும் குழாய்) 9,500, ஷவர் 4,000, பேசினும் குழாயும் 6,900, ஹெல்த் ஃபாசட் 1,500, ஆங்கிள் காக்குகள் 2,100. மொத்தம் 50,000. வித்தியாசம் 30,000.

வீட்டுக்காரர் இங்கேயே பேனாவை மூடிவிடுகிறார். ஆனால் மீதி இருக்கிறது. முன்சுவர் எழுப்ப 4,500. அதற்கு ஒட்டும் டைல்ஸ் 1,800. கூடுதல் குழாயும் பித்தளை இணைப்புகளும் 2,200. மறைவு வேலைக்கு பிளம்பரின் கூடுதல் கூலி 3,500. ஆக 12,000. ஒப்பந்ததாரர் தன் மூலம் வாங்கிக் கொடுத்து, வித்தியாசத்தில் பத்து சதவீதம் எடுத்துக்கொண்டால் 3,000. எல்லாம் சேர்ந்து 45,000. ஒரு பாத்ரூமுக்கு.

இதிலிருந்து கழிக்க வேண்டியதும் உண்டு. ஒப்பந்தப்படி முதலில் வரவேண்டியிருந்த கிளாசெட்டைப் பொருத்தும் கூலி சதுர அடி விலையிலேயே அடங்கியிருந்தது. இப்போது அந்த வேலை நடக்கப்போவதில்லை. அதைக் கழித்துக்கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்காமல் யாரும் கழிக்க மாட்டார்கள்.

வரியில் ஒரு கண்ணி இருக்கிறது. கடை விலையில் ஜி.எஸ்.டி. ஏற்கெனவே சேர்ந்திருக்கும். பதிவுபெற்ற ஒப்பந்ததாரர் தன் பில்லில் 18 சதவீதம் போடுவார் என்றால், வரிக்கு முந்தைய விலையின் மேல் போட வேண்டும். கடையில் கட்டிய வரியை அவர் தன் கணக்கில் ஈடுசெய்துகொள்ள முடியும். வரி சேர்ந்த விலையின் மேல் மறுபடி வரி போட்டிருந்தால் நிறுத்திக் கேளுங்கள்.

நீங்களே வாங்கிக் கொடுத்தால் வாரண்டி பில் உங்கள் பெயரில் இருக்கும், கமிஷன் மிச்சமாகும். ஆனால் சாமான் வராமல் வேலை நின்றால் பழி உங்கள் மேல் விழும். பிளம்பர் உடைத்தால் யார் பொறுப்பு என்ற சண்டையும் வரும். உள்பாகங்களை ஒப்பந்ததாரர் மூலமும், வெளிச்சாமான்களை நேரடியாகவும் வாங்குவது எனக்குப் பிடித்த வழி. கசிந்தால் ஒருவரே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

7. எழுத்தில் வாங்குங்கள்

ஒரு பக்கம் போதும்: மாதிரி எண்கள், வித்தியாசத் தொகை, கழித்த தொகை, எத்தனை நாள் கூடும், எப்போது பணம். இருவரும் கையெழுத்திட வேண்டும். ‘முடிவில் பார்த்துக்கொள்ளலாம் சார்’ என்று மேஸ்திரி சொன்னால் அன்றே பார்த்துவிடுங்கள். முடிவில் எவ்வளவு வரும் என்பது அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது.

8. சுவர்ப் பூச்சுக்கு முன் நேரில் போய்ப் பார்க்க வேண்டியவை

குழாய்க்காகச் சுவரில் காடி வெட்டுமுன், ஒவ்வொரு சாமானின் இடத்தையும் சுவரில் சாக்பீஸால் வரையச் சொல்லி, அங்கே நின்று பாருங்கள். ஷவரின் கீழ் நின்றால் டைவர்ட்டர் கைக்கு எட்டுகிறதா, கதவு திறந்தால் பேசினில் இடிக்கிறதா, கிளாசெட்டில் உட்கார்ந்தால் முழங்காலுக்கு முன் இரண்டடி இருக்கிறதா? வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் அழைத்துப் போங்கள். கைப்பிடிக் கம்பி வரவேண்டிய இடத்தில் சுவரைக் கெட்டியாக விடச் சொல்லலாம்.

குழாய் போட்டதும், முனைகளை அடைத்து அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். கைப்பம்பில் உள்ள அழுத்தமானியின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று நீங்களே பாருங்கள். முள்ளையும் சுவரையும் தேதியோடு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். குழாய் எங்கே ஓடுகிறது என்பதற்கு அந்தப் படம்தான் பிற்காலத்தில் ஆதாரம். கண்ணாடி மாட்ட துளை போடும்போது நன்றி சொல்வீர்கள்.

சங்கன் ஸ்லாப் (தாழ்த்திப் போட்ட தரை) உள்ள மாடி பாத்ரூமில் நீர்த்தடுப்புப் பூச்சு முடிந்ததும் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விட்டு, கீழ்த்தள மேற்கூரையைப் பாருங்கள். கிளாசெட்டின் இடத்தை மாற்றுவது இந்தச் சோதனைக்குப் பிறகு என்றால், நீர்த்தடுப்பை மறுபடி முழுவதுமாகச் செய்ய வேண்டும். துளையைச் சுற்றி ஒட்டுப்போட்டுச் சமாளிக்க விடாதீர்கள்.

9. பொருத்தும் நாள்

வெளிச்சாமான்களை மாட்டுமுன் எல்லாக் குழாய் முனைகளையும் திறந்து ஒரு வாளி அளவாவது தண்ணீரை ஓடவிட வேண்டும். மணலும் பசைத் துணுக்கும் வெளியே வரும். அது செய்யாமல் மாட்டினால் அந்தத் துணுக்குகள் நேராகக் கார்ட்ரிட்ஜுக்குள் போய் உட்காரும்; புதுக்குழாய் முதல் வாரமே சொட்டும். கம்பெனியைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆங்கிள் காக் டைல்ஸுக்குள் புதைந்து நின்றால் நீட்டிப்பு நிப்பிள் போட வேண்டும். பிளம்பர் டெஃப்லான் டேப்பை அடை அடையாகச் சுற்றி ஒப்பேற்றப் பார்ப்பார். பித்தளை நிப்பிள் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

தரையில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, வாட்டம் ஜாலியை நோக்கி ஓடுகிறதா என்று பாருங்கள். ஃபிளஷை அடுத்தடுத்து அழுத்துங்கள். பேசினை நிரப்பி ஒரே வீச்சில் திறந்துவிட்டு, கீழே பாட்டில் டிராப்பின் மூட்டை உலர்ந்த காகிதத்தால் துடைத்துப் பாருங்கள். ஈரம் பட்டால் அன்றே இறுக்க வேண்டும். மறைவுத் தொட்டியின் அழுத்துத் தட்டை ஒருமுறை கழற்றி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். வருங்காலப் பழுதெல்லாம் அந்தத் துவாரம் வழியாகத்தான் பார்க்க முடியும்.

எல்லாம் சரியென்றால் கூடுதல் வேலைக்கான தொகையில் கடைசித் தவணையைக் கொடுங்கள். மழை ஷவரோ தொங்கும் கிளாசெட்டோ வைத்திருந்தால், குடியேறி ஒரு மாதம் வரை அந்தத் தவணையில் ஒரு பங்கை நிறுத்திவைப்பதாக ஏழாவது படியில் போட்ட தாளிலேயே எழுதிக்கொள்ளலாம். பெட்டிகளில் ஒட்டியுள்ள மாதிரி எண் சீட்டுகளைக் கிழித்து பில்லோடு வையுங்கள். உதிரிபாகம் கேட்டுப் போகும்போது கடைக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.